வின்சுலோ அகராதியும் ஒரு குடிவழி வரலாறும்

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

தமிழ் பயில்வோர் பலருடைய மேசையில் தடித்த நூலொன்று இடம்பெற்றிருக்கும். 1862-ஆம் ஆண்டு சென்னையில் அச்சான வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதியே அது. அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்குப் பொருள் கூறும் அந்நூல் பலமுறை மறுபதிப்புப் பெற்றுள்ளது. ஐயம் தோன்றும்போதெல்லாம் “வின்சுலோவைப் பார்” என்று கூறுவது தமிழ்த்துறைகளில் நெடுங்கால வழக்கு. ஒரு மனிதரின் பெயர் ஒரு நூலின் பெயராகவே மாறிவிட்டது. அந்த மனிதர் யார், அவர் எக்குடியினர், அவருடைய இல்லத்தார் எங்கிருந்து வந்தனர் என்று கேட்போர் குறைவு.

அவ்வினாவை எழுப்பிப் பின்னோக்கிச் சென்றால், பாதை சிந்தாதிரிப்பேட்டையில் தொடங்கி, யாழ்ப்பாணத்து உடுவிலைத் தொட்டு, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைக் கடந்து, 1634-ஆம் ஆண்டு கப்பலில் சென்று குடியேறிய ஒரு மூதாதையிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அப்பாதை ஏறத்தாழத் தடையின்றித் தெளிவாக உள்ளது. அது எவ்வாறு தெளிவாயிற்று என்பதும், அதே அகராதிக்கு உழைத்த தமிழ்ப் புலவர்தம் பாதை ஏன் அவ்வாறு தெளிவாக இல்லை என்பதும் இவ்வுரையின் பொருள்களாகும்.

இருவகைக் குடிவழி

குடிவழி கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சோழர் மரபைக் கதிரவனிடமிருந்து தொடங்குகின்றன. பாண்டியர் செப்பேடுகள் திங்களை முதல்வனாகக் கொள்கின்றன. அரச மரபு உரைக்கும் பட்டயங்கள் உச்சியிலிருந்து கீழிறங்கி வருவன. தொன்மத்தில் தொடங்கிப் பட்டயம் பொறித்த அரசனிடத்தில் அவை வந்து முடியும்.

மற்றொரு வகை கீழிருந்து மேலேறுவது. தெரிந்த ஒருவரிடத்தில் தொடங்கி, அவர் பிறந்த குறிப்பு எங்கே, பெற்றோரின் திருமணக் குறிப்பு எங்கே, பாட்டனாரின் நிலப்பத்திரம் எங்கே என்று ஒவ்வொரு படியாகத் தேடுவது. ஒரு படிக்குச் சான்று கிடைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லவேண்டும் என்பது இம்முறையின் கட்டுப்பாடு. அமெரிக்கர் இவ்வகையில் பேரார்வம் உடையவர்கள். இதற்கெனவே 1845-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நியூ இங்கிலாந்து வரலாற்றுக் குடிவழிக் கழகம் தோன்றியது. அக்கழகம் 1847 முதல் பருவ இதழொன்றையும் வெளியிட்டு வருகிறது.

இம்முறையில் இடர் தருவது பெயர் ஒற்றுமையாகும். வின்சுலோ என்னும் பெயரைக் கண்டவுடன், 1620-இல் மேஃபிளவர் கப்பலில் சென்ற எட்வர்டு வின்சுலோவை நினைப்பது அமெரிக்க வரலாறு கற்றோர்க்கு இயல்பு. பெயர் ஒத்திருத்தல் தேடலுக்குத் தொடக்கமாகலாம், அதுவே சான்றாகிவிடாது. மேலும், ஆண்வழிப் பெயரை மட்டும் பற்றிக்கொண்டு செல்வோர் பெண்வழி வந்த பெருஞ்செல்வத்தைக் காணாமலே போவர். ஆதலின் இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அகராதியாசிரியரின் மனைவியார் ஹாரியட் அம்மையாரின் வழியாகும்.

கப்பலேறிய மூதாதை

ஹாரியட் அம்மையாரின் பிறந்தகத்துப் பெயர் லாத்ராப். அக்குடியின் அமெரிக்க முதல்வர் ஜான் லாத்ராப் என்னும் சமயகுரு. கேம்பிரிட்சில் கற்று, கென்ட் பகுதியில் உள்ள எகர்டன் என்னும் ஊரில் குருவாக இருந்தவர் அவர். இங்கிலாந்துத் திருச்சபையின் கட்டளைகளோடு உளம் ஒவ்வாமையால் அப்பதவியைத் துறந்து, இலண்டனில் மறைவாகக் கூடிய ஒரு தனிச்சபைக்குத் தலைமை ஏற்றார். 1632-இல் சபையினர் பலரோடு அவர் சிறைப்பட்டார். அவர் சிறையிலிருந்த காலத்தே மனைவியார் இறந்தார். நாட்டைவிட்டு நீங்கவேண்டும் என்னும் நிபந்தனையின்மேல் 1634-இல் விடுதலை பெற்று, மக்களோடு ‘கிரிஃபின்’ என்னும் கப்பலில் ஏறிப் பாஸ்டன் அடைந்தார். முதலில் சிட்டுவேட் என்னும் ஊரிலும், 1639 முதல் பார்ன்ஸ்டபிள் என்னும் ஊரிலும் வாழ்ந்து, 1653-இல் மறைந்தார்.

அவரைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்தியொன்று ஏடு காக்கும் தமிழர்தம் உள்ளத்தைத் தொடக்கூடியது. கப்பற் பயணத்தில் ஓரிரவு விளக்கொளியில் விவிலியம் படித்திருந்தவர் கண்ணயர்ந்தார். மெழுகுத் தீ பட்டுப் பல தாள்களில் துளை விழுந்தது. அவர் தாள்துண்டுகளை ஒட்டி, அழிந்த சொற்களை நினைவிலிருந்து தம் கையால் எழுதி நிரப்பினார் என்பர். அந்நூல் பார்ன்ஸ்டபிள் ஊரின் ஸ்டர்ஜிஸ் நூலகத்தில் காக்கப்பட்டு வருகிறது. அந்நூலகத்தின் ஒரு பகுதியே 1644-ஆம் ஆண்டைச் சார்ந்த அவருடைய இல்லமாகும். செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன எழுத்துகளைத் தேடி அலைந்த பதிப்பாசிரியர்களை அறிந்த நமக்கு, அத்துளையும் அவ்வொட்டும் புதியன அல்ல.

ஆயினும் குடிவழி ஆய்வுக்கு அவர் விட்டுச்சென்ற பெருங்கொடை வேறொன்று. தம் சபையில் நிகழ்ந்த திருமணங்கள், திருமுழுக்குகள், அடக்கங்கள் ஆகியவற்றை நாள் குறிப்பிட்டு அவர் எழுதி வந்தார். யாருக்கு என்று மகவு பிறந்தது, யார் என்று இறந்தார் என்னும் எளிய வரிகள் அவை. பின்னாளில் யேல் கல்லூரித் தலைவராக விளங்கிய எஸ்ரா ஸ்டைல்சு 1769-இல் அவற்றைப் படியெடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மேற்கூறிய கழகத்தின் இதழ் அவற்றை அச்சிட்டது. எழுதியவர் ஒருவர், படியெடுத்தவர் ஒருவர், அச்சிட்டோர் வேறொருவர். இம்மூவகை உழைப்பில் ஒன்று தவறியிருப்பினும் அவ்வூரின் எளிய மக்கள் பலர் வரலாற்றிலிருந்து மறைந்திருப்பர்.

லாத்ராப் குடிக்கெனத் தனி நூலொன்றும் உண்டு. ஹண்டிங்டன் என்பவர் தொகுத்த அக்குடிவழி நூல், அவர் மறைந்தபின் 1884-இல் அவருடைய மனைவியாரால் வெளியிடப்பெற்றது. லோத்ராப், லாத்ராப், லோத்ராப்பு என ஒரே பெயர் பலவாறு எழுதப்பட்டமையைக் கண்டு, அவை ஒரே குடியைச் சுட்டுமிடங்களை ஆராய்ந்து சேர்ப்பதே இத்தகைய தொகுப்பாளர்க்குப் பெரும்பணி. பாடவேறுபாடு பார்த்துப் பழகிய பதிப்பாசிரியர்க்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

நார்விச்சிலிருந்து உடுவிலுக்கு

ஜான் லாத்ராப்பின் மக்களுள் சாமுவேல் என்பவர் 1668-இல் கனெக்டிகட் பகுதியின் நார்விச் நகரில் குடியேறினார். அந்நகரில் அக்குடி வேரூன்றித் தழைத்தது. அவ்வழியில் வந்த சார்லஸ் லாத்ராப்பின் மகளாக 1796-இல் பிறந்தவரே ஹாரியட். 1819-ஆம் ஆண்டு அவர் மைரன் வின்சுலோவை மணந்தார். வெர்மான்ட் மாநிலத்து வில்லிஸ்டனில் 1789-இல் பிறந்த மைரன், சமயப்பணிக்கு அணியமாகியிருந்தவர். அவ்வாண்டு சூன் மாதத்தில் பாஸ்டன் துறையிலிருந்து ‘இண்டஸ்’ கப்பல் புறப்பட்டது. வின்சுலோ, ஸ்பால்டிங், உட்வர்டு, மருத்துவர் ஜான் ஸ்கடர் ஆகிய நால்வரும் தத்தம் மனைவியரோடு அதில் இலங்கை நோக்கிச் சென்றனர்.

மனச்சான்றின் பொருட்டு மூதாதை மேற்கு நோக்கிக் கடல் கடந்த 185 ஆண்டுகளுக்குப் பின், அவர் வழிவந்த பெண்மகள் அதே காரணம் கூறிக் கிழக்கு நோக்கிக் கடல் கடந்தார். மூதாதையை ஓர் அரசு துரத்தியது. இவரை எவரும் துரத்தவில்லை. பிரிட்டானிய ஆட்சியின் நிழலில், தம் சமயத்தைப் பரப்பும் நோக்கோடு வந்தவர் இவர். அந்த வேறுபாட்டை வரலாறு எழுதுவோர் மறைத்தல் ஆகாது. அவ்வாறே, இவர் வந்து செய்த பணியையும் மறைத்தல் ஆகாது.

யாழ்ப்பாணத்து உடுவிலில் அவ்விணையர் இல்லம் அமைத்தனர். 1824-இல் அங்குப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவி ஹாரியட் அம்மையாரே. பெண்மகவுக்கு எழுத்தறிவித்தல் வழக்கில் இல்லாத சூழலில், மகளிரை வீட்டைவிட்டு அழைத்துவந்து தங்கவைத்துக் கற்பித்தல் எளிய செயலன்று. அப்பள்ளி உடுவில் மகளிர் கல்லூரி என்னும் பெயரோடு நிலைத்து, இருநூறு ஆண்டுகளையும் கடந்துவிட்டது. ஹாரியட் அம்மையாரைத் தொடர்ந்து அவருடைய உடன்பிறந்த மகளிரும் அப்பணிக்கு வந்தனர். ஒரு நார்விச் இல்லத்தின் சகோதரியர் யாழ்ப்பாணத்து ஊர்களில் வாழ்ந்த கதை அது.

அவ்வாழ்வின் விலை பெரிது. வின்சுலோ இணையரின் மகன் சார்லஸ் லாத்ராப் வின்சுலோ கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். பெற்றோர் அருகிலில்லாமல் 1832-இல் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு சனவரியில் ஹாரியட் அம்மையார் உடுவிலில் மறைந்தார். அகவை முப்பத்தாறு. அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு கணவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1835-இல் நியூயார்க்கில் வெளிவந்தது.

பெயர்த்தியும் பெயரனும்

இறந்துபட்ட அச்சிறுவனின் பெயரை மீண்டும் நோக்குதல் வேண்டும். சார்லஸ் லாத்ராப் என்பது தாய்வழிப் பாட்டனாரின் முழுப்பெயர். பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு என்பதையும், பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பதே அதன் பொருள் என்பதையும் தமிழறிந்தார் அறிவர். தமிழ்மொழி ஒரு சொல்லுக்குள் பொதிந்து வைத்த வழக்கத்தை, தமிழ் மண்ணில் பிறந்த அந்த அமெரிக்கச் சிறுவன் தாங்கி நின்றான்.

அவனுடைய தங்கை 1829-இல் உடுவிலில் பிறந்தாள். அவளுக்கு ஹாரியட் லாத்ராப் வின்சுலோ என்று பெயரிட்டனர். குடிவழி ஆராய்வோர்க்கு இப்பெயர் ஒரு விளக்காகும். தந்தையின் குடிப்பெயருக்கு முன்னே தாயின் குடிப்பெயர் நிற்கிறது. திருமணத்துக்குப்பின் அவர் டல்லஸ் என்னும் பெயரை ஏற்றார். லாத்ராப், வின்சுலோ, டல்லஸ் என இரு தலைமுறைக்குள் மூன்று குடிப்பெயர்கள்! ஆண்வழிப் பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் இரண்டு இடங்களில் வழி தவறியிருப்பர். மகளின் பெயர்நடுவே தாய்வீட்டின் பெயரைப் பொதிந்து வைத்தமையால் வழி காக்கப்பட்டது.

இளைய ஹாரியட்டின் கணவர் ஜான் வெல்ஷ் டல்லஸ். அவ்விணையர் தந்தையார் பணியாற்றிய சென்னைக்கு வந்து, 1849 முதல் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். சென்னை, நீலகிரி, கல்கத்தா ஆகியவற்றின் வாழ்வைப் பற்றி டல்லஸ் எழுதிய நூலொன்று 1855-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அவர்களுடைய மகன் ஆலன் மேசி டல்லஸ். அவர்தம் மக்களே அமெரிக்க அரசியலில் பெயர்பெற்ற உடன்பிறந்தோர்: 1953 முதல் 1959 வரை வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், 1953 முதல் 1961 வரை மத்திய உளவு நிறுவனத்தின் தலைவராக இருந்த ஆலன் டல்லஸ், பொருளியல் அறிஞர் எலினார் டல்லஸ். ஃபாஸ்டர் டல்லஸின் மகன் ஏவரி டல்லஸ் கத்தோலிக்க சமயம் தழுவி, 2001-இல் கர்தினாலாக உயர்ந்தார். சீர்திருத்தச் சபைக்காகச் சிறை சென்ற ஜான் லாத்ராப்பின் வழியில் ஒரு கத்தோலிக்கக் கர்தினால் தோன்றியமை காலத்தின் விளையாட்டு எனலாம்.

ஆக, தமிழ் அகராதி தந்த வின்சுலோவின் கொள்ளுப்பேரரே அமெரிக்க வெளியுறவுச் செயலர். அச்செயலர் இந்தியாவின் அணிசேராக் கொள்கையோடு இணங்காதவர். 1956-இல் நடுநிலைமை என்னும் கருத்தையே, மிகச் சில விலக்குகள் தவிர, நெறியற்றது என்று அவர் பேசியமை இந்தியாவில் வருத்தம் விளைத்தது. குருதி பெயரைக் கொண்டு சேர்க்கிறது. முகச்சாயலைக் கொண்டு சேர்க்கிறது. பாட்டனார் நாற்பதாண்டுக்கு மேல் உழைத்துப் பெற்ற மொழியறிவையும் மக்களறிவையும் அது கொண்டு சேர்ப்பதில்லை. அவற்றைக் கொண்டு சேர்த்தது அகராதியே. அதன் பேறு அவர் குடியினர்க்கு வாய்த்ததினும் தமிழ் பயின்றார்க்கே மிகுதியாக வாய்த்தது.

வாசிங்டன் நகரின் பன்னாட்டு விமான நிலையம் ஃபாஸ்டர் டல்லஸின் பெயர் தாங்கி 1962-இல் திறக்கப்பட்டது. அகராதி வெளிவந்து சரியாக நூறாண்டு கழிந்த ஆண்டு அது. அங்குச் சென்று இறங்கும் தமிழர் பலர் பெயர்ப்பலகையைப் படித்துக் கடந்து செல்வர். அப்பெயருக்கும் தம் வீட்டு நூலடுக்கில் உள்ள நூலுக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்ப்போர் எத்துணையர்?

இரவல் பெயர்கள்

பெயர் வழிகாட்டுவது போலவே வழி மயக்குவதும் உண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்கப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மாணவரின் கல்விச் செலவை அமெரிக்காவிலுள்ள ஓர் அன்பர் ஏற்பார். அவ்வன்பர் விரும்பும் பெயர் அம்மாணவர்க்குச் சூட்டப்படும். பாவலர் சரித்திர தீபகம் இயற்றிய சதாசிவம்பிள்ளை ஆர்னால்டு ஆனார். விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்சு ஆனார். இப்பெயர்களை மட்டும் கண்டு, இவர்களை நியூ இங்கிலாந்துக் குடியினர் என்று ஒருவர் கருதுவாராயின் அது பெரும்பிழையாக முடியும்.

இவ்விரவல் பெயர்களுக்குப் பின்னே ஒரு துயரம் உள்ளது. கொடுத்தவர் பெயர் பதிவேட்டில் தெளிவாக நின்றது. பெற்றவரின் பழைய பெயரும் ஊரும் இல்லத்தார் பெயரும் பல இடங்களில் மங்கின. புகழ்பெற்ற சிலர் தம் தமிழ்ப்பெயரை உடன்வைத்துக்கொண்டமையால் தப்பினர். உடுவிலில் பயின்ற முதற்சிறுமியர் பலருக்கு அவ்வாய்ப்பு இல்லை. பேத்தியின் பேத்தி இன்று தேடினாலும், பாட்டியாரின் பிள்ளைப் பருவத்துப் பெயர் அவளுக்குக் கிடைப்பது அரிது.

அகராதியின் வழி

இனி, நூலின் குடிவழிக்கு வருவோம். ஒரு நூலின் பாயிரம் சொல்லவேண்டிய எட்டுச் செய்திகளை நன்னூல் வகுக்கிறது. ஆக்கியோன் பெயருக்கு அடுத்து அது வைப்பது ‘வழி’. எந்நூலின் வழியாக, எவர் அறிவின் வழியாக இந்நூல் வந்தது என்பதை மறையாது கூறுதல் நூலாசிரியன் கடமை என்பது தமிழ் மரபு.

வின்சுலோ அகராதியின் வழி நீண்டது. யாழ்ப்பாணத்து நல்லூரில் பணியாற்றிய ஜோசப் நைட் என்னும் ஆங்கிலேயர் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார். சந்திரசேகர பண்டிதர் முதலியோர் உழைப்பால் 1842-இல் மானிப்பாயில் தமிழ் அகராதியொன்று அச்சாயிற்று. யாழ்ப்பாண அகராதி எனவும் வழங்கும் அது ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. வின்சுலோ 1836-இல் ஸ்கடருடன் சென்னைக்கு வந்து அமெரிக்கச் சபையின் பணியைத் தொடங்கியபின், சென்னைப் புலவர்களின் துணை அவருக்குக் கிட்டியது. இராமாநுசக் கவிராயர் அவர்களுள் தலையாயவர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த துரு பாதிரியார்க்கும், ஜி.யு. போப்பையருக்கும் தமிழ் கற்பித்தவர் அவரே. விசாகப்பெருமாளையரும் அப்பணியில் துணைநின்றார். இவ்விருவரும் நன்னூலுக்கு உரை கண்டவர்கள் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பாயிர இலக்கணத்தை உலகுக்கு விளக்கிய உரையாசிரியர்களே ஒரு பேரகராதிக்குச் சொல்லும் பொருளும் வழங்கினர்.

வின்சுலோ தம் முன்னுரையில் துணைபுரிந்தோரை நன்றியோடு குறிக்கத் தவறவில்லை. ஆயினும் நூலின் முகப்பில் நிற்பது ஒரு பெயரே. உலக வழக்கில் வாழ்வதும் அப்பெயரே. கவிராயர் 1853-இல் மறைந்தார். அகராதி அச்சாகி வந்ததை அவர் காணவில்லை. வின்சுலோவும் நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில், உடல் நலிவுற்றுத் தாயகம் திரும்பும் வழியில், 1864 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் உயிர் நீத்தார். வின்சுலோவின் கொள்ளுப்பேரர் பிறந்த ஆண்டும் பதவியேற்ற ஆண்டும் எவரும் கூறக்கூடியவை. கவிராயரின் கொள்ளுப்பேரர் யார், எங்குள்ளார் என்று கேட்டால் அவையில் அமைதியே நிலவும்.

அமைதிக்குக் காரணம் புலவர்தம் சிறுமையன்று. எழுதியவரும் படியெடுத்தவரும் அச்சிட்டவரும் அவர்கட்கு வாய்க்கவில்லை. சங்கப் புலவர் சிலர்க்கு இயற்பெயர் மறைந்து, அவர்தம் பாட்டின் ஒரு தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார் அவ்வாறு பெயர் பெற்றவர். பாட்டு வாழ்ந்தமையால் ஓர் அடையாளம் மிஞ்சியது. அகராதிக்குச் சொல் தந்த புலவர்க்கோ அதுவும் இல்லை. அவர் தந்த சொல் பொதுச்சொல். அதன்மீது அவர் பெயர் எழுதப்படுவதில்லை.

ஏட்டைக் காத்தலும் இழத்தலும்

அமெரிக்கச் சபையாரின் கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த தமிழ்ச்சிறுமி ஒருத்தியைப் பற்றிய குறிப்பு வேண்டுமாயினும் அங்கே தேடவேண்டியிருக்கும். 1981-ஆம் ஆண்டு சூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் சாம்பலாயின. ஒரே வரலாற்றின் ஒரு பாதி கடல்கடந்து காவலோடு இருக்கிறது; மறுபாதி தீக்கிரையாயிற்று. ஜான் லாத்ராப்பின் விவிலியத்தில் விழுந்த துளைகளை நினைவால் நிரப்ப ஒருவர் இருந்தார். அந்நூலகத்துத் துளைகளை நிரப்புதற்கு நினைவு உடையோர் நாள்தோறும் குறைந்து வருகின்றனர்.

தீயால் மட்டும் ஏடுகள் அழிவதில்லை. வீடு மாறும்போது எடைக்குப் போடப்படும் தாள்களில் புலவரின் கையெழுத்துப் படிகள் உள்ளன. பாட்டனார் வைத்திருந்த சாதகக் குறிப்புகளிலும், நிலப்பத்திரங்களிலும், திருமண அழைப்பிதழ்களிலும், பழைய ஏடுகளின் இறுதியில் எழுதினோர் தம் பெயரும் ஊரும் நாளும் குறித்த வரிகளிலும் குடிவழி உறங்குகிறது. தமிழ்நூல்களின் சிறப்புப்பாயிரங்கள் ஆசிரியரின் ஊரையும் தந்தை பெயரையும் கூறுவன. பாயிரம் பாடியவர் பெயரும் உடன் நிற்கும்; ஆதலின் நட்பின் வரலாறும் அங்கேயே கிடைக்கிறது. இவை நமக்குரிய பதிவேடுகள். உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1930களில் எழுதி வெளியிட்டமையால், ஒரு புலவர் மரபு முழுமையாக நமக்குக் கிடைத்தது. மாணவர் ஒருவர் எழுதினார், மரபு பிழைத்தது.

அத்தகைய மாணவர் ஒவ்வொரு புலவர்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே அப்பணியை அமைப்புகள் ஏற்கவேண்டும். ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நடந்ததென்றால், அதன் கூட்டக் குறிப்பேடு ஒரு வரலாற்று ஆவணமாகும். யார் எந்நாளில் எக்கவிதையைப் படித்தார், அதனை யார் மறுத்துப் பேசினார், யார் உறுப்பினராகி யார் மறைந்தார் என்னும் எளிய குறிப்புகளை, பார்ன்ஸ்டபிள் குருவின் பதிவேட்டினும் குறைந்தவையாகக் கருதுதல் கூடாது. இம்மலரில் கவிதை தந்தோர் ஒவ்வொருவரும் தம் பிறந்த ஊரையும், பெற்றோர் பெயரையும், தமக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் பெயரையும் உடன் எழுதிவைப்பாராயின், நூறாண்டு கழித்துத் தேடுவோர்க்கு அது விளக்காகும்.

அதனோடு இன்னொன்றும் சேர்தல் வேண்டும். தாயின் தாயின் பெயர். அவர் பிறந்த ஊர். அவையோர் உள்ளத்தில் இப்போதே அதனை நினைத்துப் பார்ப்பாராயின், தந்தைவழிப் பாட்டனாரின் பெயர் உடனே நினைவுக்கு வருவதும், தாய்வழிப் பாட்டியாரின் தாய் பெயர் நாவில் தயங்கி நிற்பதும் பலர்க்கும் விளங்கும். லாத்ராப் குடியின் வழி அறுபடாமல் வந்தது ஒரு பெண்ணின் பெயர்நடுவே நின்ற தாய்வீட்டுப் பெயரால் என்பதை மறத்தலாகாது.

ஆழ்வார்பேட்டையிலிருந்து அண்ணா சாலையை அடைந்து வடக்கே சென்றால், கூவம் வளைந்தோடும் சிந்தாதிரிப்பேட்டை தொலைவில் இல்லை. அங்கு அமெரிக்கச் சபையார் எழுப்பிய சீயோன் ஆலயம் உள்ளது. பின்னர் சத்தியநாதன் குடும்பத்தினர் அதில் குருத்துவப் பணி செய்தனர். தமிழ்நாட்டில் தொடக்க கால ஆங்கில நாவல்களை எழுதிய கிருபாபாய் அம்மையார் அக்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அகராதி உருவான சென்னையின் நினைவோடு அத்தெருக்களில் நடப்போர், வின்சுலோவின் பெயரோடு கவிராயரின் பெயரையும் விசாகப்பெருமாளையரின் பெயரையும் ஒருமுறை சொல்வாராக. அகராதியை அடுத்தமுறை திறக்கும்போது முகப்புத்தாளோடு நில்லாமல் முன்னுரையையும் படிப்பாராக. அந்நூலின் வழி அங்கே எழுதப்பட்டுள்ளது.

மூதாதையைத் தேடுதல் பெருமை தேடுதற்காக மட்டும் ஆகுமாயின், அது செப்பேட்டுக் கதிரவனிடத்தில் சென்று முடியும். நன்றி செலுத்துதற்காக ஆகுமாயின், பெயர் மறந்துபோன ஒவ்வொருவரிடமும் அது நின்று நின்று செல்லும். அத்தேடல் இவ்வட்டத்தின் பதினோராம் ஆண்டில் தொடங்குக.